ஜி.பி. சர்ஜரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட்: மருந்துப் பட்டியலை முழுவதுமாகப் பொறுப்பேற்பது எப்படி

இங்கிலாந்தில் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ சில ஆண்டுகள் பணியாற்றிய பின் ஜி.பி. சர்ஜரிக்கு, அதாவது குடும்ப மருத்துவர்களின் (ஜி.பி.) மருத்துவகத்திற்கு, மாறும் மருந்தாளுநர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மருந்துக்கடையில் நம் முன்னால் வருவது ஒரு சீட்டு. அதிலுள்ள அளவு சரியா, மற்ற மருந்துகளோடு மோதுமா, வாங்க வந்தவருக்கு எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தெரியுமா என்று பார்த்துக் கொடுத்துவிட்டால் அன்றைய கடமை பெரும்பாலும் முடிந்துவிடும். சர்ஜரியில் நம் முன்னால் இருப்பது ஒரு மனிதரின் மொத்த மருந்துப் பட்டியல். அதில் உள்ள ஒவ்வொரு மருந்தும் எதற்காகத் தொடங்கப்பட்டது, இன்றும் தேவையா, எந்தப் பரிசோதனையோடு தொடர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நாம். இந்தப் பொறுப்பை எப்படி ஏற்பது என்பதைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன்.

இந்தப் பணி ஒப்பீட்டளவில் புதியது. சர்ஜரிகளில் மருந்தாளுநர்களை அமர்த்தும் முன்னோடித் திட்டத்தை, அரசின் பொது மருத்துவச் சேவையை (என்.எச்.எஸ்.) நடத்தும் என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பு 2015-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே மேலும் 1,500 பேரைச் சேர்ப்பதற்கு நிதி ஒதுக்குவதாக உறுதியளித்தது. 2019 ஜூலையில் அருகருகே உள்ள சர்ஜரிகள் சேர்ந்து, பொதுவாக 30,000 முதல் 50,000 நோயாளிகள் கொண்ட முதன்மைப் பராமரிப்பு வலையமைப்புகளாக உருவாயின. நம் சம்பளச் செலவை அந்த வலையமைப்பின் வழியாக என்.எச்.எஸ். சர்ஜரிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் அப்போதே வந்தது. இன்று இந்த வேலைக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஏற்பாட்டின் கீழ்தான் அமர்த்தப்படுகிறார்கள். 2020 அக்டோபர் முதல், முறைப்படுத்தப்பட்ட மருந்து மறுஆய்வு வலையமைப்புகளின் ஒப்பந்தக் கடமையாகவும் ஆகிவிட்டது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

வேலைக்கான ஒப்பந்தத்தைப் படிக்கும்போது சம்பளத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. உங்களை அமர்த்துவது ஒரு சர்ஜரியா, வலையமைப்பா, அல்லது வெளியிலிருந்து ஆள் அனுப்பும் நிறுவனமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஐந்து சர்ஜரிகளுக்கிடையே வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒன்று என்று பிரித்து அனுப்பப்படும் மருந்தாளுநர் எந்த இடத்திலும் வேரூன்ற முடிவதில்லை. திங்கட்கிழமை அவர் கேட்ட இரத்தப் பரிசோதனையின் முடிவை வியாழக்கிழமை வேறொருவர் பார்த்து, காரணம் தெரியாமல் கோப்பில் மூடிவிடுவார். முடிந்தவரை இரண்டு இடங்களுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கப்போகும் ஜி.பி. யார் என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்” என்று சொல்லும் இடத்தில், நெருக்கடியான நேரத்தில் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். மூத்த மருந்தாளுநர் ஒருவருடன் மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசும் நேரமும் தொடக்கத்தில் அவசியம். முதன்மைப் பராமரிப்புக்கான பதினெட்டு மாதப் பயிற்சியை நீங்கள் முடிக்கவில்லை என்றால், அதற்கான படிப்பு நேரம் வேலை நேரத்திற்குள் வருகிறதா என்பதையும், சுயமாக மருந்து எழுதும் தகுதி இல்லை என்றால், அதற்கான 90 மணி நேர நடைமுறைப் பயிற்சியை மேற்பார்வையிட யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அந்தத் தகுதி இல்லாமலும் பணியில் சேரலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு மருத்துவரின் கதவைத் தட்டிக்கொண்டே நெடுநாள் பணியாற்றுவது இரு தரப்புக்கும் சலிப்பைத் தரும்.

காப்பீடு பற்றி ஒரு சொல். 2019 ஏப்ரல் முதல், ஜி.பி. சர்ஜரிகளில் நடக்கும் என்.எச்.எஸ். பணிகளுக்கான மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளை அரசின் திட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால், மருந்தாளுநர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பின் முன் நீங்கள் விசாரிக்கப்பட்டால் அந்தத் திட்டம் துணைக்கு வராது. அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரங்கள்

புதிதாகச் சேர்ந்தவர் உடனே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிடக் கூடாது. முதலில், மாதந்தோறும் ரிப்பீட் மருந்து (தொடர்ந்து எடுக்கும் மருந்து) கேட்டு வரும் கோரிக்கை எந்த வழியாக நுழைந்து, யார் கையில் போய், எந்த இடத்தில் தேங்குகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். வரவேற்பாளர்களுடனும், மருந்துச்சீட்டு வேலை செய்யும் பணியாளர்களுடனும் இரண்டு மூன்று நாட்கள் உட்கார்ந்தால், எந்தக் கொள்கை ஆவணத்திலும் இல்லாத உண்மைகள் தெரியவரும். மறுஆய்வு தேதி கடந்துவிட்டது என்று கணினி எச்சரிக்கும்போது அதை யார் அழுத்தி ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள், எத்தனை முறை தள்ளிப்போடலாம், ‘கையிருப்பு தீர்ந்துவிட்டது’ என்று முன்கூட்டியே கேட்பவரை யார் கவனிக்கிறார்கள் போன்றவையே ஒரு சர்ஜரியின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து, கணினி. இங்கிலாந்தின் சர்ஜரிகளில் பெரும்பாலானவை எமிஸ் அல்லது சிஸ்டம்ஒன் என்னும் இரண்டு மென்பொருள்களில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. பதிவேட்டில் நோயையும் பரிசோதனையையும் குறியீடாகப் பதிவது எப்படி, தேடல் ஒன்றை உருவாக்குவது எப்படி, மருத்துவமனை மட்டுமே கொடுக்கும் மருந்தைப் பட்டியலில் ‘வெளியில் வழங்கப்படுவது’ என்று சேர்ப்பது எப்படி என்னும் மூன்றையும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது சிறிய வேலைபோலத் தெரியும். ஆனால் மருத்துவமனையில் ஊசியாகப் போடப்படும் உயிரியல் மருந்தோ, மனநல மையம் கொடுக்கும் குளோசபினோ சர்ஜரியின் பட்டியலில் இல்லாவிட்டால், அதோடு மோதும் மருந்தை எழுதும்போது கணினி வாய் திறக்காது.

மருத்துவமனைக் கடிதங்கள்

பெரும்பாலான சர்ஜரிகள் நமக்கு முதலில் ஒப்படைப்பது டிஸ்சார்ஜ் கடிதங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையைத்தான். பலர் இதை எழுத்தர் வேலை என்று எண்ணிச் சலிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு மாறும் அந்தச் சில நாட்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் நுழைகின்றன.

கடிதத்தைப் படிக்கும்போது புதிதாகச் சேர்த்ததை மட்டும் தேடாதீர்கள். சொல்லாமல் விட்டதையும் தேடுங்கள். வீட்டில் இரத்த அழுத்த மருந்தான ராமிப்ரில் சாப்பிட்டவரின் டிஸ்சார்ஜ் பட்டியலில் ராமிப்ரில் இல்லை என்றால், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதால் நிறுத்தினார்களா, அல்லது எழுத மறந்தார்களா என்று இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தும், தேவையானால் வார்டுக்குத் தொலைபேசியில் பேசியும் கண்டறிய வேண்டும். நிறுத்தியிருந்தால், மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை முடிவு செய்வதும் இனி நம் பொறுப்பு. மாரடைப்புக்குப் பிறகு ஆஸ்பிரினோடு சேர்த்து இரண்டாவதாக ஓர் இரத்தத்தட்டு எதிர்ப்பு மருந்து தொடங்கப்பட்டால், அது வழக்கமாக 12 மாதங்களுக்கு மட்டுமே. அந்த முடிவுத் தேதியை அன்றே பட்டியலில் எழுதாவிட்டால், ஐந்து ஆண்டுகள் கழித்து இரத்தக்கசிவோடு வருபவரின் பட்டியலில் இரண்டுமே இருக்கும். புதிதாகச் சேர்க்கப்பட்ட வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, அறுவைக்குப் பிந்தைய வலி மருந்து ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: காரணமும் முடிவுத் தேதியும் இல்லாத எதையும் ரிப்பீட் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

மறுஆய்வு: இந்தப் பணியின் மையம்

2021 செப்டம்பரில் வெளியான இங்கிலாந்தின் தேசிய மிகைமருந்து ஆய்வறிக்கை, முதன்மைப் பராமரிப்பில் எழுதப்படும் மருந்துகளில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கக்கூடும் என்று கணித்தது. மறுஆய்வு எதற்கு என்று கேட்கும் சர்ஜரியின் பங்குதார மருத்துவருக்கு இந்த ஒன்றே போதும்.

யாரை முதலில் அழைப்பது? பத்து அல்லது அதற்கு மேல் மருந்து சாப்பிடுபவர்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், உடல் மிகவும் தளர்ந்தவர்கள், அண்மையில் விழுந்தவர்கள் அல்லது மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்கள், அடிமையாக்கக்கூடிய வலி மருந்துகளை நெடுநாளாக எடுப்பவர்கள், தவறுக்குப் பெயர்பெற்ற மருந்துகளில் இருப்பவர்கள் ஆகியோர் தேசிய ஒப்பந்தத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு மருந்துகளைப் பார்ப்பது மறுஆய்வு ஆகாது; அது மறுஆய்வுத் தேதியைப் புதுப்பித்தல் மட்டுமே. எண்ணிக்கை காட்டவேண்டும் என்று மேலாளர் அழுத்தம் தரும்போது விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இதுதான்.

நோயாளி வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்தும் முதன்முதலில் எந்த நாளில், எந்தக் குறிப்போடு எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மாதம் ஒரு முறை வாங்க வேண்டியதை எத்தனை முறை வாங்கியிருக்கிறார் என்று எண்ணுங்கள். ஆண்டில் ஐந்து முறை மட்டும் வாங்கப்பட்ட ஸ்டாட்டின் என்னும் கொழுப்பு மாத்திரை, அவர் அதைச் சாப்பிடவில்லை என்பதை அவர் சொல்வதற்கு முன்பே நமக்குச் சொல்லிவிடும். கடைசி சிறுநீரக, கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனைகள், இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை பதிவாகாமல் இருப்பது மிகச் சாதாரணம். வரும்போதே எடை பார்த்துவிடுங்கள்.

உரையாடலை மருந்துகளிலிருந்து தொடங்காதீர்கள். “உங்களுக்கு இப்போது அதிகம் தொல்லை தருவது எது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நாம் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசத் தயாராகி வந்திருப்போம். அவர் இரவில் நான்கு முறை எழுந்து கழிப்பறைக்குப் போவதைப் பற்றிப் பேசுவார். அந்த நான்கு முறைக்குக் காரணம் நம் பட்டியலிலேயே இருக்கக்கூடும். பிறகு, மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, “இதை எதற்காகச் சாப்பிடுகிறீர்கள்? எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். “ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “பலருக்கும் சில நாட்கள் விட்டுப்போகும், உங்களுக்கு எதை விடத் தோன்றும்?” என்று கேட்டால் உண்மை வரும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். இது கற்பனையாகக் கட்டியது என்றாலும், இதன் ஒவ்வொரு துண்டும் எல்லாச் சர்ஜரிகளிலும் உள்ளது. 78 வயதுப் பெண் ஒருவருக்கு இரத்த அழுத்தத்திற்காக அம்லோடிபின் 10 மி.கி. கொடுக்கப்படுகிறது. சில மாதங்களில் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்திற்கு ஃபியூரோசமைடு சேர்க்கப்படுகிறது. அதனால் யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரலில் கீல்வாத வலி வருகிறது, அலோபியூரினால் சேர்கிறது. அதே ஃபியூரோசமைடால் சிறுநீர் அவசரம் கூடுகிறது, அதற்கு சோலிஃபெனாசின். சோலிஃபெனாசின் வாயை உலர்த்தி மலச்சிக்கலை உண்டாக்குகிறது, அதற்கு மலமிளக்கி. கடைசியில் அவர் மறதியாக இருக்கிறார், நடக்கும்போது தடுமாறுகிறார் என்று மகள் கவலையோடு அழைத்துவருகிறார். ஐந்து மருந்துகளில் நான்கு, முதல் மருந்தின் பக்கவிளைவைத் துரத்திக்கொண்டே வந்தவை. இவற்றை எழுதிய மருத்துவர்களில் எவருமே தவறான மருந்தை எழுதியதாகச் சொல்லிவிட முடியாது. பட்டியலை முழுவதுமாக யாரும் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

இந்தச் சங்கிலியை அவிழ்ப்பதற்கு வரிசை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. என்ன மாறியது, எதனால் மாறியது என்பதும் தெரியாமல் போகும். முதலில், அந்த வீக்கத்திற்கு இதயச் செயலிழப்பு காரணமில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டு, முன்னர் எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) இருந்தால் பார்த்து, ஐயம் இருந்தால் இதயச் செயலிழப்பைக் காட்டும் என்.டி.-ப்ரோ.பி.என்.பி. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, ஜி.பி.யுடன் பேசிய பிறகே ஃபியூரோசமைடைத் தொடலாம். இதயம் சரியாக இருக்கிறது என்றானால், அம்லோடிபினை 5 மி.கி.க்குக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ இரண்டு வாரங்களில் இரத்த அழுத்தத்தையும் கணுக்காலையும் பாருங்கள். 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சர்ஜரியில் அளக்கும் இலக்கு 140/90-க்குக் கீழ். 80-ஐத் தாண்டியவர்களுக்கு 150/90. தளர்ந்த உடம்பில் இந்த எண்ணைத் துரத்துவதைவிட, எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிகிறதா என்று பார்ப்பது பயன் தரும். வீக்கம் வடிந்த பிறகு ஃபியூரோசமைடு, அது நின்று சிறுநீர் அவசரம் தணிந்த பிறகு சோலிஃபெனாசின், பிறகு மலமிளக்கி. அலோபியூரினாலைக் கடைசியில், யூரிக் அமில அளவைப் பார்த்து, நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்யலாம். இதற்கு நான்கைந்து மாதங்கள் ஆகலாம். ஆகட்டும்.

சோலிஃபெனாசின், ஆக்சிபியூட்டினின், அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்ஃபெனாமைன் போன்றவற்றுக்கு ஒரே வகையான பக்கவிளைவு உண்டு. தனித்தனியே சிறிதாக இருப்பவை சேரும்போது முதியவரின் மூளையை மந்தமாக்கும். இந்தச் சுமையைக் கூட்டிப் பார்க்கும் அளவுகோல்கள் உள்ளன. பயன்படுத்துங்கள், ஆனால் கூட்டுத்தொகைக்கு முன்னால் மனிதரைப் பாருங்கள்.

சட்டென்று நிறுத்தக் கூடாதவற்றின் பட்டியலை மேசையில் வைத்துக்கொள்வது நல்லது: பீட்டா தடுப்பான்கள், நெடுநாள் ஸ்டீராய்டு, பென்சோடையசெபின்கள், ஓபியாய்டுகள், கபாபென்டின், ப்ரிகாபலின், மனச்சோர்வு மருந்துகள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை ஆபத்தானது அல்ல என்றாலும், நிறுத்தியதும் அமிலம் சில வாரங்களுக்கு மிகையாகச் சுரக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “பார்த்தீர்களா, எனக்கு இது தேவைதான்” என்று நோயாளி இரண்டாம் வாரமே திரும்பத் தொடங்கிவிடுவார். வலிக்காகவோ அமிலத்திற்காகவோ எடுக்கும் மருந்தை நிறுத்த முயல்பவரிடம், தேவையானால் மீண்டும் தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்வார்கள். நிறுத்துவதைத் தண்டனைபோல அறிவித்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மறுஆய்வு என்றால் குறைப்பது மட்டும் என்று பொருள் இல்லை. நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவருக்குச் சோர்வோ, கால் மரத்துப்போதலோ இருந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும். முறிவு ஏற்பட்ட எலும்புத் தேய்வு நோயாளிக்கு எந்த மருந்தும் எழுதப்படாமல் இருப்பதைக் கண்டுபிடிப்பதும் இதே அரை மணி நேரத்தில்தான். ஆஸ்துமா நோயாளியிடம் அவருடைய இன்ஹேலரைக் கொடுத்து, நம் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தித் தெளிக்கும் வகையை மெதுவாகவும் ஆழமாகவும், பொடி வகையை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறார்கள். இங்கிலாந்தில் 2014-இல் வெளியான ஆஸ்துமா இறப்புகள் பற்றிய தேசிய ஆய்வில், இறக்கும்போது குறுகிய நேர நிவாரண மருந்தில் இருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய ஆண்டில் 12-க்கு மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதப்பட்டிருந்தன. நீல நிறத்திலுள்ள இந்த நிவாரண இன்ஹேலரை அடிக்கடி கேட்பவரின் ரிப்பீட் கோரிக்கையை ஒப்புதல் அழுத்துவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். 2024 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டு நெறி, ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலரை மட்டும் கொடுப்பதையே கைவிட்டுவிட்டது.

ஆபத்து மிகுந்த மருந்துகளைத் தேடிப் பிடித்தல்

ஒருவர் ஒருவராகப் பார்ப்பதோடு, மொத்தப் பதிவேட்டையும் மாதம் ஒரு முறை சலித்துப் பார்க்க வேண்டும். இதற்கு முன்மாதிரியாக அமைந்தது, இங்கிலாந்தின் 72 சர்ஜரிகளில் நடந்து 2012-இல் வெளியான பின்சர் ஆய்வு. வயிற்றுப்புண் வந்தவருக்குப் பாதுகாப்பு மாத்திரை இல்லாமல் இபுப்ரோஃபென் வகை வலி மருந்து, ஆஸ்துமா உள்ளவருக்குப் பீட்டா தடுப்பான், 75 வயதைக் கடந்தவருக்குச் சிறுநீரகப் பரிசோதனை இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ராமிப்ரில் வகையோ சிறுநீர்ப்பெருக்கியோ போன்ற தவறுகளைக் கணினியில் தேடி, மருந்தாளுநர் நேரில் போய்ச் சர்ஜரியுடன் சேர்ந்து திருத்தியபோது, வெறும் பட்டியலை அனுப்பிவைத்ததைவிட தவறுகள் குறைந்தன. பட்டியல் அச்சிடுவது யாராலும் முடியும். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரின் அறைக்குப் போவதுதான் நம் வேலை.

சில மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒரு முறை மட்டுமே; எந்தக் கிழமை என்பது சீட்டிலேயே இருக்க வேண்டும்; 2.5 மி.கி. மாத்திரையை மட்டுமே எழுதுவது நல்ல வழக்கம். இதை எடுப்பவருக்குச் சிறுநீர்த்தொற்று என்று யாராவது ட்ரைமெத்தோப்ரிம் எழுதினால் உடனே தடுக்க வேண்டும். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவருக்குக் கடைசி வேளை மருந்து சாப்பிட்ட 12 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். இபுப்ரோஃபெனும், சில இரத்த அழுத்த மருந்துகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். ராமிப்ரில் வகையைத் தொடங்கினால் அல்லது கூட்டினால் ஒன்று இரண்டு வாரங்களில் சிறுநீரகப் பரிசோதனை. கிரியேட்டினின் 30 விழுக்காட்டுக்குள் உயர்ந்தால் பதற வேண்டியதில்லை, பொட்டாசியம் 6.0-ஐ எட்டினால் நிறுத்த வேண்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மருந்துகளில் அடிக்கடி நேரும் பிழை, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்ட ஆய்வகம் அச்சிட்டுத் தரும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. இவற்றின் அளவை, அதே திறனை எடையையும் சேர்த்து மதிப்பிடும் காக்க்ராஃப்ட்–கால்ட் கணக்கின்படிதான் முடிவு செய்ய வேண்டும்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, ஆணுக்கு 1.23, பெண்ணுக்கு 1.04 என்ற எண்ணால் பெருக்கி, மைக்ரோமோலில் உள்ள கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 84 வயது, 52 கிலோ, கிரியேட்டினின் 98 உள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 31 வருகிறது. அவருடைய ஆய்வக அறிக்கையில் ஈ.ஜி.எஃப்.ஆர். 46 அளவில் இருக்கும். இம்மருந்துகளில் ஒன்றான டாபிகாட்ரானை, இந்தக் கணக்கு 30-க்குக் கீழ் வந்தால் கொடுக்கவே கூடாது என்னும்போது, அந்த அறிக்கையை மட்டும் பார்த்தவருக்கு எல்லை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே தெரியாது. அவர் அபிக்ஸாபானில் இருந்தால், இதய லயக் கோளாறுக்கான அளவு 5 மி.கி. அல்ல, 2.5 மி.கி. இரு வேளை, ஏனெனில் வயது 80-ஐத் தாண்டியது, எடை 60 கிலோவுக்குக் குறைவு, கிரியேட்டினின் 133 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு அவருக்குப் பொருந்துகின்றன. ரிவராக்ஸபானின் 15, 20 மி.கி. மாத்திரைகளை உணவோடு சாப்பிட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து முழுமையாக உடலில் சேராது.

தமிழ் நோயாளிகள் உள்ள சர்ஜரிகளில்

லண்டனின் ஹாரோ, வெம்ப்லி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் பணியாற்றுபவர்களுக்குச் சில கூடுதல் கேள்விகள் உதவும். ஊருக்குப் போய்வந்தவரிடம் அங்கிருந்து கொண்டுவந்த மருந்துகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு நீரிழிவு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்தவை அங்கே சாதாரணம். அதையும் இங்கே எழுதிய மெட்ஃபார்மினையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. பிரிட்டனில் விற்கப்படாத நிமசுலைடு போன்ற வலி மாத்திரைகளும் பையில் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றி இகழாமல் கேளுங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருப்பதுண்டு, விளங்காத இரத்தசோகைக்கோ வயிற்று வலிக்கோ அது காரணமாகலாம். தைராக்ஸினை விடியற்காலை காப்பியோடு விழுங்கும் வழக்கத்தையும் விசாரியுங்கள். காலை உணவுக்கும் காப்பிக்கும் குறைந்தது 30 நிமிடம் முன்பு, தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும். விரத நாட்களில் நீரிழிவு மருந்துகளை, குறிப்பாகக் கிளிக்லசைடையும் இன்சுலினையும் என்ன செய்கிறார்கள் என்பது யாரும் கேட்காத கேள்வி.

இதய நோய் வாய்ப்பைக் கணிக்கும் கியூரிஸ்க்3 கணக்கு இனப்பின்னணியையும் எடுத்துக்கொள்கிறது. அது பதிவேட்டில் வெறுமையாக இருந்தால் தெற்காசியருக்கு ஆபத்து குறைவாகக் காட்டப்படும். இன்னொன்று: நீங்கள் தமிழ் பேசுவதால் வீட்டுப் பிள்ளைகள் மொழிபெயர்க்கும் தேவை நீங்குகிறது. ஆனால் அதே காரணத்தால் உங்களை வீட்டுப் பையன் என்றோ, மகள் என்றோ எண்ணி, “தம்பி, அந்த டாக்டர் எழுதினது சரிதானா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாசத்தோடு பதில் சொல்லலாம். பதிவேட்டில் எழுதாத வாய்வழி அறிவுரை மட்டும் கூடாது.

எல்லைகள்

புதிய நோயைக் கண்டறிவது நம் பயிற்சியின் மையம் அல்ல. மறுஆய்வின் நடுவில் எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் போகிறது, விழுங்கக் கடினமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்று ஒருவர் சொன்னால், மருந்துப் பட்டியலை மூடிவைத்துவிட்டு அன்றே ஜி.பி.யிடம் பேசுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், மனநல நெருக்கடி ஆகியவற்றில் உங்கள் தகுதி எதுவரை என்பதை எழுத்தில் வரையறுத்து மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். மருந்து எழுதும் தகுதி கிடைத்தவுடன், நாள் முடிவில் நூற்றுக்கணக்கான ரிப்பீட் சீட்டுகளைக் கையெழுத்துக்கு அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பார்க்காமல் கையெழுத்திட்ட சீட்டுக்கும் பொறுப்பு உங்களுடையதே. ஒரு நாளில் கவனத்தோடு பார்க்க முடிகிற எண்ணிக்கையைச் சொல்லி, அதற்கு மேல் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள்.

தெருமுனை மருந்துக்கடைகளோடு உறவு கெடாமல் இருப்பதும் வேலையின் ஒரு பகுதி. புதிய மருந்து தொடங்கியவரைப் பின்தொடரும் சேவை அவர்களிடம் உண்டு. 2021 முதல் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் தகவலை நேரடியாக அவர்களுக்கும் அனுப்புகின்றன. 2024 ஜனவரி முதல் தொண்டை வலி, பெண்களின் சிக்கலற்ற சிறுநீர்த்தொற்று உள்ளிட்ட ஏழு சிறு நோய்களுக்கு அவர்களே மருந்து தரலாம். மருந்து கிடைக்காத தட்டுப்பாடு வரும்போது எது கையிருப்பில் உள்ளது என்பதை முதலில் அறிந்திருப்பவர்களும் அவர்களே. சர்ஜரிக்கு நேரடியாக வரும் தொலைபேசி எண் ஒன்றை அவர்களுக்குக் கொடுங்கள்.

பின்தொடர்தல்

ஒரு மருந்தை மாற்றிய அன்றே நான்கு விஷயங்களைப் பதிவு செய்யுங்கள்: எதை மாற்றினோம், ஏன், நோயாளி என்ன சொன்னார், எந்த நாளில் எதைப் பார்க்கப்போகிறோம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து உடலில் நீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மின், ராமிப்ரில் வகை, சிறுநீர்ப்பெருக்கி, இபுப்ரோஃபென் வகை, டாபாக்லிஃப்ளோசின் வகை நீரிழிவு மருந்து ஆகியவற்றை இடைநிறுத்தி, நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்று இரண்டு நாட்களில் மீண்டும் எடுக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பொருந்தியவருக்கு எழுத்தில் கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பின்தொடரும் சந்திப்பை நோயாளியின் நினைவுக்கு விடாமல், அவர் அறையை விட்டுப் போவதற்கு முன் நீங்களே பதிவு செய்துவிடுங்கள். கேட்டிருக்கும் இரத்தப் பரிசோதனைகளுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்து, வாரம் ஒரு முறை எடுக்கப்படாதவற்றைத் தேடிப் பிடியுங்கள். விடுமுறையில் போவதற்கு முந்தைய நாள், அந்தப் பட்டியலையும் குறைத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியலையும் பெயர் குறிப்பிட்ட ஒரு சக பணியாளரிடம் ஒப்படைத்து, அவர் ஒப்புக்கொண்டதைப் பதிவேட்டிலும் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.